பி.எட். படிப்பவர்கள் சொல்லுங்கள்: வகுப்பறையில் தொழில்நுட்பம் உண்மையிலேயே உதவுகிறதா?

உதவுகிறது. ஆனால் பொதுவாகச் சொல்லப்படும் காரணத்துக்காக இல்லை. திரையில் காட்டினால் பிள்ளைகள் ஆர்வமாகக் கவனிப்பார்கள் என்று கல்லூரியில் அடிக்கடி சொல்கிறார்கள். கவனிப்பார்கள்தான், புதுசாக இருக்கும்வரை. அப்புறம் கரும்பலகையைப் பார்த்துத் தூங்கிய பையன் திரையைப் பார்த்துத் தூங்குவான். பாடப்புத்தகத்தின் பக்கத்தையே பெரிதாக்கி ஸ்மார்ட் போர்டில் ஓட்டினால் அவன் வேறென்ன செய்வான்?

நான் இயற்பியல் முடித்துவிட்டு பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கற்பித்தல் பயிற்சிக்குப் போன அரசுப் பள்ளியில் மின்சுற்றுப் பாடம் எடுத்தேன். ஒரே மாதிரி இரண்டு பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரிணைப்பில் கோத்தால் எது பிரகாசமாக எரியும்? "பேட்டரிக்குப் பக்கத்தில இருக்கிறதுதான் மிஸ்" என்று நிறையப் பேர் சொன்னார்கள். முதல் பல்பு மின்னோட்டத்தைக் கொஞ்சம் தின்றுவிடும், மிச்சம்தான் அடுத்ததற்குப் போகும் என்பது அவர்கள் கணக்கு. பல நாடுகளில் அறிவியல் ஆசிரியர்கள் சந்தித்திருக்கிற தவறான கருத்து இது. ஓம் விதியை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய பிறகும் பலரிடம் அப்படியே இருக்கும், ஏனென்றால் கம்பிக்குள் நடப்பதை யாரும் பார்த்ததில்லை.

இங்கேதான் திரை வேண்டும். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் (PhET) என்ற இணையதளத்தில் மின்சுற்றைத் திரையிலேயே நாமே கட்டிப் பார்க்கலாம். இலவசம், பல பகுதிகள் தமிழிலும் உண்டு. முன்கூட்டியே பதிவிறக்கி வைத்தால் இணையம் இல்லாமலும் ஓடும், நம் பள்ளிகளுக்கு இது முக்கியம். ஆனால் திரையைப் போடுவதற்கு முன் எல்லாரையும் தங்கள் பதிலை நோட்டில் பேனாவால் எழுதச் சொன்னேன். அதன்பிறகுதான் காட்டினேன். இரண்டு பல்பும் ஒரே பிரகாசத்தில் எரிந்தன; பல்புக்கு முன்னும் பின்னும் எலக்ட்ரான்கள் ஒரே வேகத்தில் நகர்ந்தன. வகுப்பில் சத்தமே இல்லை. பிறகு பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "அப்போ பேட்டரி மட்டும் ஏன் மிஸ் தீர்ந்துபோகுது?"

மின்னோட்டம் வேறு, ஆற்றல் வேறு, பல்பில் செலவாவது ஆற்றல்தான் என்று அதுவரை நான் சொல்லவே இல்லை. அந்தக் கேள்விக்குப் பிறகு சொன்னபோது கேட்க ஆள் இருந்தது.

திரையோடு நிறுத்தவும் முடியாது. அதில் எலக்ட்ரான்கள் நீல மணிகளாக உருண்டு ஓடுகின்றன. நிஜக் கம்பியில் அவை நகரும் சராசரி வேகம் பொதுவாக நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. இதைச் சொல்லாவிட்டால் ஒரு தவறை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தவளாவேன். மறுநாள் டார்ச் பல்புகளும் பேட்டரியும் கொண்டுபோனேன். ஒரு பல்பு கொஞ்சம் மங்கலாக எரிந்தது. "நான்தான் சொன்னேன்ல" என்று ஒருவன் குதித்தான். இரண்டையும் இடம் மாற்றிப் போடச் சொன்னேன். மங்கலான பல்பு எந்த இடத்தில் போட்டாலும் மங்கல்தான், கடையில் வாங்கும் பல்புகள் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்காது. ஃபெட்டில் எல்லாப் பல்பும் ஒன்றுபோலவே இருந்ததால் இது அங்கே கிடைத்திருக்காது.

தொழில்நுட்பம் இன்னொரு வேலையும் நன்றாகச் செய்கிறது. எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை கணக்கில் ஐந்தாம் வகுப்பு நிலையில் இருக்கலாம். டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்து நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. ஒவ்வொரு பிள்ளையின் நிலையையும் அறிந்து அங்கிருந்தே பயிற்சி கொடுத்ததில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். பெரு நாட்டிலோ, பிள்ளைகளுக்கு மடிக்கணினியைக் கொடுத்த திட்டத்தை ஆராய்ந்தபோது கணக்கிலும் மொழியிலும் குறிப்பிடும்படியான மாற்றம் தெரியவில்லை.

செயற்கை நுண்ணறிவு பற்றியும் கேட்பீர்கள். பாடத்திட்டக் குறிப்பை அதில் எழுதவைக்கும் தோழிகள் எனக்கு இருக்கிறார்கள். பிழை இல்லாமல், யார் வகுப்புக்கும் பொருந்துகிற மாதிரி எழுதித் தருகிறது. பேட்டரி ஏன் தீர்கிறது என்று கேட்கப்போகிற பையன் அந்தக் குறிப்பில் இருக்க மாட்டான். இதையெல்லாம் செய்துபார்த்துப் பழகக் கல்லூரியில் நேரம் குறைவு. தொழில்நுட்பத் தாளையே நாங்கள் மூன்று மணி நேரம் பேனாவால் எழுதித்தான் தேறுகிறோம்.