விரல் குத்தும் மேசையிலிருந்து: ரத்தம் கொடுக்கப் போகிறவர்களின் கேள்விகள்

குமுளி, வண்டிப்பெரியார் பக்கம் முகாம்களில் விரல் குத்தி ஹீமோகுளோபின், அதாவது ரத்தத்தில் இரும்பைக் கொண்டு உருவாகும் சிவப்புப் பொருள், எவ்வளவு என்று பார்க்கும் லேப் வேலை எனக்கு. வந்த கேள்விகளில் சில.

11.8 என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் அண்ணே. தினமும் பீட்ரூட் ஜூஸ் குடித்தால் அடுத்த மாசம் கொடுக்கலாமா?

ரத்தம் கொடுக்க ஹீமோகுளோபின் 12.5 வேணும் தங்கச்சி. பீட்ரூட்டுக்கும் ரத்தத்துக்கும் நிறம்தான் ஒற்றுமை. 100 கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூடத் தேறாது. மாதுளை அதைவிடக் குறைவு. சரி, காலையில் என்ன சாப்பிடுகிறாய்?

புட்டும் கடலையும். கூடவே கட்டன் சாயா, பாலில்லாத டீ.

அங்கேதான் கோளாறு. கறுப்புக் கடலையில் நல்ல இரும்பு இருக்கிறது. ஆனால் சாயாவில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். உடம்பில் சேர வேண்டியதில் பாதிக்கு மேல் போய்விடும். பாலூற்றினாலும் கதை அதேதான். தேயிலைக் காட்டில் இருந்துகொண்டு சாயாவை விடு என்று சொல்ல எனக்கு மனசு வராது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடி, போதும். அந்த இடத்தில் ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ கடித்துக்கொள். வைட்டமின் சி இருந்தால் கடலை, கீரையில் உள்ள இரும்பு கூடுதலாகச் சேரும். முருங்கைக்கீரைப் பொரியலை இறக்கியபின் எலுமிச்சை பிழிவதும் அதற்குத்தான்.

ஒரு மாசத்தில் எண் ஏறும் என்று நம்பாதே. சாப்பாட்டால் ஏற இரண்டு மூன்று மாசம் பிடிக்கும். அதற்குள் ஒரு டாக்டரைப் பார். மாதவிடாயில் அதிகம் போகிறதா, வயிற்றுப் பூச்சித் தொல்லையா என்று தெரிய வேண்டும். சும்மா மாத்திரை வாங்கி விழுங்காதே.

கம்பத்திலிருந்து கேட்கிறேன். முந்தின நாள் ராத்திரி ஈரல் சாப்பிட்டால்?

ஒரு ராத்திரியில் ரத்தம் ஊறாது தம்பி. ஆனால் ஈரல் நல்லதுதான்; கறி, மீனில் உள்ள இரும்பு லேசில் சேரும், சாயாவும் அதை அவ்வளவாகக் கெடுக்காது. வாரம் ஒரு நாள் சாப்பிடு. கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) மத்தி மீனும் தின்கிறவர்களுக்கு மத்திதான் இரும்பு தரும், கப்பையில் பெரிதாக ஒன்றுமில்லை. முகாமுக்கு வெறும் வயிற்றோடு மட்டும் வராதே.

கேழ்வரகுக் கூழ்?

அதில் சுண்ணாம்புச் சத்துதான் அதிகம். இரும்புக்குக் கம்பு தேவலை.

கொடுத்த பிறகு எத்தனை நாள் விடணும்?

ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள். ஒரு தடவை கொடுத்தால் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு போகிறது. அன்றைக்குத் தரும் பிஸ்கட்டும் ஜூஸும் மயக்கம் வராமல் இருக்கத்தான். போன இரும்பை வீட்டுக் கடலையும் மீனும்தான் மெல்ல மெல்லத் திருப்பித் தரணும்.