வதந்தியை நம்பி வாங்கினீர்களா, மைத்துனர் சொல்லி வாங்கினீர்களா?

கேள்வி: நியூ ஜெர்சியில் எடிசன் நகரில் வசிக்கிறேன். மென்பொருள் வேலை, எச்-1பி விசா, கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறேன். சிறிய இணையத் தொலைபேசி நிறுவனங்களை ஒருநாள் பெரிய நிறுவனங்கள் நல்ல விலைக்கு வாங்கிவிடும் என்ற நம்பிக்கையில் பல ஆண்டுகளாக அவற்றின் பங்குகளைச் சேர்த்து வருகிறேன். அப்படி ஒரு நிறுவனத்தைப் பற்றிப் பேச்சு அடிபட்டுக்கொண்டே இருந்தது. உறவினர் வீட்டு வளைகாப்பில் என் மனைவியின் அண்ணன், "அதை இப்போது விற்றுவிடாதீர்கள், இந்த மாதம் பொறுங்கள்" என்றார். அவர் வேலை செய்யும் தணிக்கை நிறுவனம்தான் அந்தப் பேரத்துக்குக் கணக்குகளைச் சரிபார்த்தது என்பது எனக்குத் தெரியும். அடுத்த திங்கட்கிழமை பங்கைக் குறித்த விலைக்கு வாங்கும் உரிமை தரும் 'கால் ஆப்ஷன்' ஒப்பந்தங்களை 9,000 டாலருக்கு வாங்கினேன். மூன்று வாரத்தில் கையகப்படுத்தும் அறிவிப்பு வந்தது. 61,000 டாலர் லாபம். இப்போது பங்குச் சந்தை ஆணையமான எஸ்.இ.சி.யிலிருந்து விளக்கமும் ஆவணங்களும் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. மைத்துனரிடம் அலுவலகத்தில் ஒரு பெயர்ப் பட்டியலைக் காட்டி யாரையாவது தெரியுமா என்று கேட்டபோது, "யாரையும் தெரியாது" என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். இப்போது என்னிடம் பேசுவதே இல்லை. எங்கள் திருமணத்திலிருந்தே அவர் இப்படித்தான். என் காரில் வேலைக்கு வரும் நண்பரும் நான் சொல்லிக் கொஞ்சம் வாங்கியிருந்தார். "நானாக ஆராய்ந்து வாங்கினேன்" என்று பதில் எழுதிவிட நினைக்கிறேன். அது உண்மையும்கூட. சரிதானே? மைத்துனர் மீது வழக்குப் போடலாமா?

பதில்: அந்தப் பதிலை எழுதாதீர்கள். இன்றைக்கு நான் சொல்வதில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

மைத்துனர் திருமணத்திலிருந்தே எப்படி நடந்துகொண்டார் என்பது வழக்கில் எந்த இடத்திலும் வராது. அவர் மீது நீங்கள் வழக்குப் போட்டால், முதல் பத்தியிலேயே "இவர் சொன்னதை நம்பி வாங்கினேன்" என்று எழுத வேண்டியிருக்கும். அரசுத் தரப்பு தேடிக்கொண்டிருக்கும் வாக்குமூலம் அதுதான். அந்த எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள்.

சட்டம் பார்க்கப்போவது ஒன்றே ஒன்று: வளைகாப்பு மாலைக்கும் அந்தத் திங்கட்கிழமைக்கும் நடுவே உங்கள் கையில் புதிதாக என்ன இருந்தது?

பேச்சு ஊர் முழுக்க இருந்தது என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். 2005இல் ஈபே நிறுவனம் ஸ்கைப்பை 260 கோடி டாலருக்கு வாங்கியதிலிருந்து, இந்தத் துறையில் எந்தச் சிறிய நிறுவனத்தைப் பற்றியும் "அடுத்தது இதுதான்" என்ற ஊகம் ஓயவில்லை. சில பலித்தன. மேஜிக்ஜாக்கின் பங்கு ஒவ்வொன்றையும் 8.71 டாலர் கொடுத்து பி. ரைலி நிறுவனம் 2018இல் வாங்கி முடித்தது. 2006இல் 17 டாலருக்குப் பங்கு வெளியிட்டு, உடனே சரிந்து, ஆண்டுக்கணக்கில் முதலீட்டாளர்களைக் காக்க வைத்த வானேஜை 2022இல் எரிக்சன் 21 டாலருக்கு எடுத்துக்கொண்டது. சன்ராக்கெட்டோ 2007 ஜூலையில் வாடிக்கையாளர்களை நடுவழியில் விட்டுவிட்டுக் கதவை மூடியது. இப்படி எது பலிக்கும், எது மூழ்கும் என்று எவருக்கும் தெரியாத துறை என்பதால்தான், உள்ளிருந்து வந்த "இந்த மாதம் பொறுங்கள்" என்ற ஒரு வரிக்கு அத்தனை விலை. வதந்தியே போதுமானதாக இருந்திருந்தால் விலை முன்பே ஏறியிருக்கும், உங்கள் 9,000 டாலர் 70,000 ஆகியிருக்காது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இதை ஜூரியிடம் இரண்டே நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுவார்.

பல ஆண்டுகளாகச் சேர்த்த பழைய பங்குகளில் பிரச்சினை இல்லை. உள்தகவல் தெரிந்தபின் விற்காமல் சும்மா வைத்திருப்பது குற்றமாகாது. அன்று மைத்துனர் சொன்னபடி பொறுத்திருந்ததோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. சில வாரங்களில் காலாவதியாகும் ஆப்ஷனை, அதுவரை ஆப்ஷன் பக்கமே போகாத ஒருவர் திடீரென்று வாங்கினார் என்பதுதான் அவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது.

"அவருக்கு நான் காசு எதுவும் கொடுக்கவில்லையே" என்று அடுத்துக் கேட்பீர்கள். சால்மன் வழக்கில் 2016 டிசம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதற்கு ஒருமனதாகப் பதில் சொல்லிவிட்டது. சிட்டிகுரூப்பில் வேலை செய்த மாஹெர் காரா தன் அண்ணனுக்குத் தகவல் சொன்னார். அண்ணன் அதை மாஹெரின் மனைவியுடைய சகோதரரான பாசம் சால்மனுக்குச் சொன்னார். உறவினருக்கு இலவசமாகத் தகவல் கொடுப்பதே பரிசு கொடுப்பதற்குச் சமம், தனியாகப் பணம் கைமாற வேண்டியதில்லை என்றது நீதிமன்றம். சால்மனுக்கு மூன்று ஆண்டுச் சிறை. அந்த வழக்கில் அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்களில் முக்கியமானவர்கள் யார் தெரியுமா? குற்றத்தை ஒப்புக்கொண்ட அந்தச் சகோதரர்கள் இருவரும்தான். உங்கள் மைத்துனர் பேசாமல் இருப்பதை எதுவும் சொல்லமாட்டார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் இப்போது ஒரு வழக்கறிஞரின் அறையில் உட்கார்ந்திருக்கலாம்.

பேரம் எந்த வடிவில் நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பங்குதாரர்களிடமே நேரடியாகப் பங்கை வாங்கும் டெண்டர் ஆஃபராக இருந்தால் 14இ-3 என்ற விதி வருகிறது. அதில் மைத்துனர் கடமை மீறினாரா, பரிசு கொடுத்தாரா என்ற கேள்விகளே கிடையாது. வாங்கும் நிறுவனமோ, விற்கப்படும் நிறுவனமோ, அவர்களுக்காக வேலை செய்பவர்களோ தந்த தகவல் என்று தெரிந்து வாங்கினாலே போதும். நியூ ஜெர்சியைச் சேர்ந்த நெட்2ஃபோனைத் தாய் நிறுவனமான ஐ.டி.டி. முழுதாக எடுத்துக்கொள்ள முயன்றபோது முதலில் வந்தது அப்படி ஒரு ஆஃபர்தான். உங்கள் நிறுவனத்தின் அறிவிப்பை எடுத்து இதைச் சரிபாருங்கள்.

இப்போது என்னை உண்மையில் கவலைப்படுத்துவதற்கு வருகிறேன். விசாரணையில் சிக்கியவர்களில் சிலர் சிறைக்குப் போனது பங்கு வர்த்தகத்துக்காக அல்ல, விசாரணை தொடங்கியபின் செய்த காரியத்துக்காக.

"நானாக ஆராய்ந்தேன்" என்பது பாதி உண்மை. அரசு அதிகாரியிடம் பாதி உண்மையைச் சொல்லி மீதியை மறைப்பது ஐந்து ஆண்டு வரை சிறை தரும் தனிக் குற்றம். கடிதத்தோடு 1662 என்ற எண்ணுள்ள படிவம் ஒன்று வந்திருக்கும், பலர் அதைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பொய் சொன்னால் என்ன ஆகும் என்பதும், நீங்கள் கொடுப்பதை அரசு வழக்குத் தொடுப்பவர்களிடம் தரலாம் என்பதும் அதில் அச்சிட்டே இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் எதையும் அழிக்காதீர்கள். தானாக அழியும் வசதி இருந்தால் இந்த நிமிடமே அணைத்துவிடுங்கள். விசாரணையைத் தடுக்க ஆவணத்தை அழிப்பதற்கு இருபது ஆண்டு வரை தண்டனை இருக்கிறது. தொலைக்காட்சிப் பிரபலமும் தொழிலதிபருமான மார்த்தா ஸ்டூவர்ட் 2001இல் பங்கை விற்றுத் தவிர்த்த நட்டம் சுமார் 45,000 டாலர். உதவியாளர் குறித்து வைத்திருந்த தொலைபேசிச் செய்தியைக் கணினியில் தானே மாற்றி எழுதி, பின்பு பழையபடி வைக்கச் சொன்னார். 2004இல் ஐந்து மாதச் சிறைக்குப் போனது விசாரணையில் பொய் சொன்னதற்கும் விசாரணையைத் தடுத்ததற்கும்தான். உள்தகவல் வர்த்தகம் என்று அவர் மீது குற்ற வழக்கே போடப்படவில்லை.

மைத்துனர் கையில் வந்த பட்டியலைப் பாருங்கள். கையகப்படுத்தல் அறிவிப்பு வந்தபின், பங்குத் தரகு நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஃபின்ரா அமைப்பு முன்கூட்டியே வாங்கியவர்களின் பெயர்களைத் திரட்டி, பேரத்தில் வேலை செய்த நிறுவனங்களுக்கு அனுப்புவதுண்டு. அதில் தங்கை கணவரின் பெயரைப் பார்த்தும் "தெரியாது" என்று எழுதியிருக்கிறார். அது பொய் என்று காட்ட உங்கள் திருமண ஆல்பம் ஒன்றே போதும். அவர் தவறு என்று தெரிந்தேதான் உங்களிடம் சொன்னார் என்பதற்கு அதையே சான்றாக வைப்பார்கள். அவருடைய பொய்யோடு ஒத்துப்போகும் பதிலை நீங்களும் எழுதினால் இருவரும் சேர்ந்து சதி செய்ததாகக் குற்றம் சாட்ட இடம் கொடுத்ததாகிவிடும்.

அதனால் அவரோடு பேசாதீர்கள். மனைவி மூலமும் ஒரு சொல் அனுப்பாதீர்கள். கணவன் மனைவிக்குள் நடக்கும் பேச்சுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, அண்ணன் தங்கைக்குள் நடக்கும் பேச்சுக்குக் கிடையாது. வீட்டில் இது கடினம் என்று தெரியும். எத்தனையோ குடும்பங்கள் சமாதானம் பேசப்போய்ச் சாட்சியைக் கலைத்த குற்றத்தில் மாட்டியிருக்கின்றன. இருவருக்கும் ஒரே வழக்கறிஞர் என்ற சிக்கன யோசனையும் வேண்டாம். ஒருவரைக் காப்பாற்ற மற்றவரைக் காட்டிக்கொடுக்க வேண்டிய நிலை வரும்.

போகிற போக்கில் நண்பரைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொல்லி அவர் வாங்கியதால், அவருடைய லாபத்தின் மீதும் உங்களுக்கு அபராதம் போட முடியும். உங்கள் வழக்கறிஞரிடம் இதை முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள்.

என் யோசனை: சமரசம் செய்துகொள்ளுங்கள். வழக்கு நடத்தித் தோற்றால் 61,000 டாலர் லாபத்தைத் திருப்பித் தருவதோடு அதன் மூன்று மடங்கு வரை அபராதம், ஆக 2,44,000 டாலர், வட்டி தனி. சமரசத்தில் பெரும்பாலும் லாபம், வட்டி, ஒரு மடங்கு அபராதம் என்ற அளவில் முடிகிறது, குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் மறுக்கவும் வேண்டியதில்லை. உங்கள் விசா நிலையில் இதற்கு இன்னும் பெரிய காரணம் இருக்கிறது. எஸ்.இ.சி.யோடு செய்யும் சிவில் சமரசம் குடிவரவுச் சட்டத்தில் குற்றத் தீர்ப்பு ஆகாது. மோசடிக் குற்ற வழக்கில் தண்டிக்கப்பட்டாலோ, குற்றத்தை ஒப்புக்கொண்டாலோ கிரீன் கார்டு கனவோடு இந்த நாட்டில் இருக்கும் உரிமையும் போய்விடக்கூடும். விவகாரம் குற்ற வழக்காகும் முன்பே முடிக்கப் பாருங்கள். அரசு வழக்குத் தொடுப்பவரும் பக்கத்தில் நிற்கிறாரா என்பதை உங்கள் வழக்கறிஞர் முதலில் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும், அதுவரை ஒரு தாளும் கொடுக்கக் கூடாது. கையெழுத்திடும் முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரும் அந்த வாசகத்தைப் படிக்கட்டும்.

கடிதத்தில் குறித்த நாளைத் தள்ளிவைக்கச் சொல்லி வழக்கறிஞர் கேட்டால் வழக்கமாகக் கொடுப்பார்கள், நீங்களே தொலைபேசியில் கேட்க வேண்டாம். அந்த 61,000 டாலரை வீட்டுக் கடனுக்கோ ஊருக்கோ அனுப்பாமல் தனிக் கணக்கில் அப்படியே வைத்திருங்கள்.