உயிரியலில் பி4: இன்னொரு புத்தகம் வாங்குவதற்கு முன்

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். மகளுடைய விடைத்தாள்களைப் படம் பிடித்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. உங்கள் கடிதத்தைவிட அந்தத் தாள்கள்தான் எனக்கு அதிகம் சொல்லின. சிங்கப்பூரில் ஓ லெவலுக்கு (உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வு) படிக்கும் மகளுக்கு உயிரியலில் பி4 தரம் வந்ததில் கவலை, இரண்டாவது டியூஷன் சேர்க்கலாமா என்று யோசனை, மருத்துவக் கனவை இப்போதே விட்டுவிடச் சொல்லலாமா என்று தயக்கம். மருத்துவத்துக்கு அப்புறம் வருகிறேன். டியூஷன் பற்றிய என் பதில்: வேண்டாம்.

பிள்ளைக்குப் பாடம் தெரிகிறது. எம்சிகியூ தாளில், அதாவது கொடுத்த விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்கும் தாளில், நன்றாகவே செய்திருக்கிறாள். எழுதி விளக்க வேண்டிய இரண்டாம் தாளில்தான் மதிப்பெண் போயிருக்கிறது. அதுவும் எங்கும் பரவலாக இல்லை. மரபியல், கண்ணும் நரம்பும், தொற்றுநோய் என்று மூன்று இடங்களில். வீட்டில் அவள் எப்படிப் படிக்கிறாள் என்று நீங்கள் எழுதியதோடு சேர்த்துப் பார்த்தால் காரணம் விளங்குகிறது. குறிப்பேட்டில் மூன்று நிறத்தில் ஹைலைட்டர், திரும்பத் திரும்ப வாசிப்பு, அலமாரியில் பாதி தொட்ட நான்கு அசெஸ்மென்ட் புத்தகங்கள். வாசிக்கிறாள், பயிற்சி செய்வதில்லை. புத்தகத்தை மூடிவைத்து, வெள்ளைத் தாளில் விடையை முழுதாக எழுதி, விடைக்குறிப்போடு வைத்துத் தானே சிவப்புப் பேனாவில் திருத்துவதற்குத்தான் பயிற்சி என்று பெயர். நீச்சல் குளத்தின் ஓரத்தில் நின்று பார்த்து யாரும் நீந்தப் பழகியதில்லை.

தேர்வின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். முதல் தாள் 40 எம்சிகியூ, ஒரு மணி நேரம், மொத்தத்தில் 30 விழுக்காடு. இரண்டாம் தாள் 80 மதிப்பெண், ஒன்றே முக்கால் மணி நேரம், 50 விழுக்காடு. மீதி 20 செய்முறைத் தாளுக்கு; அதைப் பள்ளி ஆய்வகத்தில்தான் பழக முடியும் என்பதால் இங்கே விடுகிறேன். பாதி எடையைச் சுமக்கிற தாளில் அவள் தடுமாறுகிறாள், சரளமாக வருகிற எம்சிகியூவையே வீட்டில் போட்டுக்கொண்டிருக்கிறாள். சுலபமாக வருவதைச் செய்யும்போது படித்த திருப்தி கிடைக்கும், என்ன செய்வது!

முதலில் மரபியல். உயிரியலிலேயே கணக்குப் போல முழு மதிப்பெண் வாங்கக்கூடிய பகுதி இதுதான், அதனால்தான் இங்கே இழப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவளுடைய மரபு வரைபடத்தில் பெற்றோரின் ஜீனோடைப் (மரபணு அமைப்பு) இருக்கிறது, கடைசி விகிதம் இருக்கிறது, நடுவில் கேமீட் (இனப்பெருக்க அணு) வரிசையே இல்லை. மனத்துக்குள் போட்டுவிட்டாள் போலும். ஆனால் பெற்றோரின் ஃபீனோடைப் (வெளியே தெரியும் பண்பு), ஜீனோடைப், வட்டமிட்ட கேமீட்டுகள், பிள்ளைகளின் ஜீனோடைப், ஃபீனோடைப், விகிதம் என்று படிப்படியாகக் காட்டினால்தான் அந்தந்தப் படிக்கு உரிய மதிப்பெண் கிடைக்கும். இந்த வரிசை கைப்பழக்கமாகும் வரை எழுத வேண்டும். இன்னொரு சின்ன விஷயம்: மரபணுவைக் குறிக்கும் எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மாணவருக்கு இருந்தால் சி (C), எஸ் (S) வேண்டாம். அவளுடைய கையெழுத்தில் பெரிய எஸ் எது, சின்ன எஸ் எது என்று எனக்கே தெரியவில்லை, பாவம் திருத்துகிறவர். பி (B), ஆர் (R) போன்றவற்றில் பெரியதும் சின்னதும் வேறு வேறு வடிவம்.

அதே கேள்வியின் கடைசிப் பகுதியில், எதிர்பார்த்த விகிதமும் கிடைத்த விகிதமும் ஏன் மாறுகின்றன என்று கேட்டிருக்கிறார்கள். ‘பரிசோதனையில் பிழை’ என்று எழுதியிருக்கிறாள். அப்படி இல்லை. 3:1 என்பது வாய்ப்பு, வாக்குறுதி இல்லை. மரபியலைத் தொடங்கிவைத்த மெண்டல் எண்ணிய பட்டாணி விதைகளில் 5474 உருண்டை, 1850 சுருக்கம். வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய 2.96. ஏழாயிரத்துக்கு மேல் விதைகளை எண்ணியும் சரியாக 3 வரவில்லை. வெறும் எட்டு விதைகளில் வராததில் என்ன ஆச்சரியம்? இதைச் சொல்லிக் கொடுக்க ஆசிரியர் வேண்டியதில்லை. இரண்டு 20 காசு நாணயங்களை எடுத்து, ஒரு பக்கத்தை டாமினன்ட் (ஓங்கு பண்பு), மறுபக்கத்தை ரிசெசிவ் (ஒடுங்கு பண்பு) என்று வைத்துச் சேர்த்துச் சுண்டச் சொல்லுங்கள். எட்டு முறை சுண்டியதையும் எண்பது முறை சுண்டியதையும் எழுதி வைத்து ஒப்பிடட்டும். அந்த ஒரு மதிப்பெண்ணை அதற்குப் பிறகு அவள் விடமாட்டாள்.

குடும்ப வரைபடக் கேள்வியில் அவள் மேலிருந்து கீழே வருகிறாள். ரிசெசிவ் நிலை உள்ளவரைப் பிடித்துக்கொண்டு மேலே போகச் சொல்லுங்கள். நோய் தெரியாத இரு பெற்றோருக்கு நோயுள்ள பிள்ளை பிறந்தால், அந்த நோய் ரிசெசிவ். பெற்றோர் இருவரும் அதைச் சுமப்பவர்கள். தலசீமியா என்ற ரத்த நோய் நல்ல எடுத்துக்காட்டு. இருவரும் அதைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு கருவுக்கும் கடுமையான நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூவரும் தப்பித்தார்கள் என்று ஆகாது. ஒவ்வொரு முறையும் கணக்குப் புதிதாகத்தான் தொடங்கும். ரத்த வகையையும் போட்டுப் பார்க்கட்டும். ஏ வகைத் தாய்க்கும் பி வகைத் தந்தைக்கும் சில ஜீனோடைப்களில் நான்கு வகையிலும் பிள்ளை பிறக்கலாம், ஆனால் ஏபி தந்தைக்கும் ஓ தாய்க்கும் ஏ அல்லது பி மட்டும்தான். புத்தகத்துக் குடும்பங்களை வைத்தே இதைச் செய்யட்டும். தீபாவளிக்கு வருகிற பெரியம்மா வீட்டாரிடம் ரத்த வகை கேட்டுக் கட்டம் போட ஆரம்பித்தால் வேறு வம்பு வரும்.

கண்ணும் நரம்பும் வேறு மாதிரி. இங்கே கணக்கு இல்லை, சங்கிலி. எது நடந்தது, அதனால் எது நடந்தது என்று கண்ணி விடாமல் எழுத வேண்டும். சூடான சட்டியைத் தொட்டுக் கையை இழுக்கும் கேள்விக்கு அவள் ‘மூளைக்குச் செய்தி போகிறது, மூளை கையை இழுக்கச் சொல்கிறது’ என்று எழுதியிருக்கிறாள். தோலில் உள்ள ரிசெப்டர் (உணர்வி), சென்சரி நியூரோன் (உணர்வு நரம்பணு), தண்டுவடத்தில் ரிலே நியூரோன் (இடைநரம்பணு), மோட்டார் நியூரோன் (இயக்க நரம்பணு), கடைசியில் கைத்தசை. இந்த ஐந்தும் வரிசையாக வரவேண்டும். ‘செய்தி’ என்று எழுதாமல் நரம்பு இம்பல்ஸ் (நரம்புத் துடிப்பு) என்று எழுத வேண்டும். மூளைக்கும் இம்பல்ஸ் போகிறது, அதனால்தான் வலி தெரிகிறது. ஆனால் கையை இழுக்க மூளையின் உத்தரவுக்காகத் தசை காத்திருப்பதில்லை.

கண்ணில் அவளுடைய குழப்பம் நிறையப் பிள்ளைகளுக்கு இருப்பதுதான். ஐரிஸ் தசைகள் வேறு, சிலியரி தசை வேறு. ஐரிஸ் வெளிச்சத்தின் அளவுக்கு: வெளிச்சம் கூடினால் வட்டத்தசை சுருங்கும், ஆரத்தசை தளரும், கண்மணி சிறிதாகும். சிலியரி தசை தூரத்துக்கு: கிட்டத்தில் பார்க்கும்போது அது சுருங்கும், லென்ஸைத் தாங்கும் இழைகள் தளரும், லென்ஸ் தடிக்கும். தசை சுருங்கினால் இழை இறுகும் என்றுதான் மனம் நினைக்கும், நடப்பதோ நேரெதிர். எல்லாரும் தவறும் இடம் இது. கண்ணாடி முன்னால் நின்று கண்ணைக் கொஞ்ச நேரம் மூடித் திறந்து பார்க்கட்டும். பிறகு சன்னலருகே கட்டைவிரலையும் எதிர் புளோக்கையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே, எந்தத் தசை என்ன செய்கிறது என்று வாய்விட்டுச் சொல்லட்டும்.

இங்கேதான் உங்கள் உதவி வேண்டும். ‘எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் தெரியாது, எப்படிச் சொல்லிக் கொடுப்பது’ என்று எழுதியிருந்தீர்கள். சொல்லிக் கொடுக்க வேண்டாம், கேட்டால் போதும். சமைக்கும்போது பக்கத்தில் உட்காரவைத்து, அன்று படித்ததைத் தமிழிலோ கலந்தோ சொல்லச் சொல்லுங்கள். அவள் நிறுத்தும் இடத்தில் ‘அப்புறம்?’ என்று கேளுங்கள். தாவும் இடத்தில் ‘அது ஏன்?’ என்று கேளுங்கள். பதில் வராத இடம்தான் தேர்வில் மதிப்பெண் போகும் இடம். சொல்லி முடித்தவுடன் அதையே தேர்வுக்குரிய ஆங்கிலத்தில் எழுதிவிட வேண்டும், மறுநாளைக்குத் தள்ளக்கூடாது.

தொற்றுநோய்ப் பகுதி சிறியது, ஆனால் ஒரு சிக்கல் உண்டு. இப்போதுள்ள பாடத்திட்டத்தில் முதல் தேர்வு நடந்தது 2023-ல். அதனால் முந்தைய தேர்வுத்தாள்களின் தொகுப்பான டென் இயர் சீரிஸின் பழைய ஆண்டுகளில் மரபியலும் கண்ணும் நிறையக் கிடைக்கும், இன்ஃபுளுவென்சா வைரஸ், நிமோகாக்கஸ் பாக்டீரியா பற்றிய கேள்விகள் அவ்வளவாகக் கிடைக்காது. இதற்கு 2023-க்குப் பிந்தைய தாள்களையும் பள்ளிகளின் ப்ரிலிம் (முன்னோடித் தேர்வு) தாள்களையும் நம்ப வேண்டும். தேர்வு மதிப்பீட்டுக் கழகத்தின் இணையத்தளத்தில் பாடத்திட்டம் இலவசமாக இருக்கிறது. அதை அச்செடுத்து ஒவ்வொரு வரியையும் கேள்வியாக மாற்றி எழுதிப் பார்க்கலாம். கிருமி ஆன்டிபயாட்டிக்குக்கு ‘இம்யூன்’ ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறாள். இம்யூனிட்டி (நோய் எதிர்ப்பு) உடம்புக்கு, ரெசிஸ்டன்ஸ் (மருந்தைத் தாங்கும் தன்மை) பாக்டீரியாவுக்கு. நோயாளி ரெசிஸ்டன்ட் ஆவதும் இல்லை. தற்செயலான மியூட்டேஷனால் (மரபணு மாற்றத்தால்) சில பாக்டீரியாக்கள் தாங்கும், மருந்து மற்றவற்றைக் கொல்லும், தப்பியவை பெருகும். தடுப்பூசியில் ஆன்டிபாடி இருக்கிறது என்றும் ஒரு வரி. இல்லை, கிருமியை ஒத்த ஒன்று இருக்கிறது; ஆன்டிபாடியை உண்டாக்குவது நம் வெள்ளை அணுக்கள். கோவிட் காலத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இது தெரியாமல் இல்லை, எழுதிப் பழகவில்லை.

தரவுக் கேள்வியில் கேள்விப்படாத விஷயம் வரும், பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். டெங்கிக்காக வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமக்கும் ஆண் கொசுக்களை விடுகிறார்களே, அதுமாதிரி ஏதாவது ஒன்றின் வரைபடத்தைக் கொடுப்பார்கள். அந்தக் கொசுக்களோடு சேரும் பெண் கொசுவின் முட்டை பொரிக்காது என்பதைக் கேள்வியிலேயே சொல்லிவிடுவார்கள். எண்களை எடுத்துக்காட்டி, ஏற்ற இறக்கத்தைச் சொல்லி, காரணம் எழுதினால் போதும்.

இந்த ஜூன் விடுமுறையில் வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 20 மதிப்பெண்ணுக்கான எழுத்துக் கேள்விகள், 26 நிமிடம் கடிகாரம் வைத்து. தேர்வில் கிடைக்கும் வேகமும் அதுதான். திருத்திய பிறகு, தவறிய கேள்வியை மட்டும் தனி நோட்டில் ஒட்டி ஒரு வாரம் கழித்து மறுபடி எழுத வேண்டும். புதிய கேள்வி நூறு போடுவதைவிடத் தவறிய பத்தை மறுபடி போடுவது மேல் என்பது என் உறுதியான கருத்து. ஆள் துணை வேண்டுமென்றால் பள்ளி ஆசிரியரிடம் கன்சல்டேஷன் (சந்தேகம் தீர்க்கும் தனி நேரம்) கேட்கட்டும். கட்டணம் பாரமாக இருந்தால் சிண்டாவின் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) ஸ்டெப் துணைப்பாட வகுப்புகளை விசாரியுங்கள்.

இனி மருத்துவம். ஓ லெவல் உயிரியலில் பி4 வாங்கியவர் மருத்துவராக முடியாது என்று எந்தச் சட்டமும் இல்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் ஏ லெவல் மாணவர்களிடம் கேட்பது எச்2 நிலையில் (ஏ லெவலின் முக்கியப் பாட நிலை) வேதியியல், அதோடு எச்2 உயிரியல் அல்லது எச்2 இயற்பியல். ஆகவே வேதியியலைத்தான் நீங்கள் உற்றுக் கவனிக்க வேண்டும். அது எப்படி இருக்கிறது என்று கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளி வேறு துறையில் பட்டம் முடித்தவர்களை எடுக்கிறது. ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன்: போட்டி கடுமை, இடம் குறைவு. மருத்துவம் மட்டுமே இலக்கு என்று பதினாறு வயதில் ஒரே கதவைக் காட்டுவது எனக்குச் சம்மதம் இல்லை.

நரம்பும் கண்ணும் பிடித்திருக்கிறது என்று அவளே எழுதியிருக்கிறாளே, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். நீ ஆன் பாலிடெக்னிக்கிலும் சிங்கப்பூர் பாலிடெக்னிக்கிலும் கண்பார்வையியல் டிப்ளோமா இருக்கிறது. நன்யாங் பாலிடெக்னிக்கிலும் நீ ஆனிலும் தாதிமை. அதற்கு உயிரியல்தான் வேண்டும் என்பதில்லை, இன்னொரு அறிவியல் பாடமும் போதும். பிசியோதெரபி, பேச்சு சிகிச்சை, கதிர்ப்படவியல் பட்டங்கள் சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தில் உள்ளன. தாதிமை என்றவுடன் உங்கள் வீட்டில் முகம் சுளிக்கும் பெரியவர் யாராவது இருக்கக்கூடும். அவரைப் பிறகு சமாளிக்கலாம். சில பாலிடெக்னிக் பாடப்பிரிவுகளில் நிறப்பார்வைக் கட்டுப்பாடு உண்டு, விண்ணப்பிக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஓ லெவல் முடிவுக்கு முன்பே நேர்காணல் வழியாக இடம் தரும் இஏஇ விண்ணப்பம் ஆண்டின் நடுவில் திறக்கும். ஆர்வம் உண்மையானதாக இருந்தால் அதை முயன்று பார்க்கலாம்.

உயர்நிலை 2-ல் இருக்கும் தம்பியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2027 முதல் ஓ லெவலுக்குப் பதில் எஸ்இசி என்ற புதிய உயர்நிலைச் சான்றிதழ்த் தேர்வு, 2028 சேர்க்கை முதல் தொடக்கக் கல்லூரிக்கு எல்1ஆர்5 (ஒரு மொழியும் ஐந்து பாடங்களும்) இல்லை, எல்1ஆர்4. அதாவது ஒரு பாடம் குறைவாகக் கணக்கிடுவார்கள். தனி உயிரியலா, கூட்டு அறிவியலா என்பதை அக்காவின் மதிப்பெண்ணைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அவனுடைய தாள்களையும் அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.