2016இல் வந்த ‘தி மேக்னிஃபிசன்ட் செவன்’ படத்தை அதன் முன்னோடிகளோடு ஒப்பிடுவது நியாயமா?

தாராளமாக ஒப்பிடலாம். எதை அளவுகோலாக வைத்துக்கொண்டு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் பலரும் வழுக்கிவிடுகிறார்கள்.

இந்தக் கேள்வியைக் கேட்ட நீங்கள் உங்களைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. இருந்தாலும் உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. அன்டோயின் ஃபூக்வா இயக்கிய 2016ஆம் ஆண்டுக் கௌபாய் படத்தைத்தான் நீங்கள் முதலில் பார்த்திருப்பீர்கள், அது பிடித்தும் இருந்திருக்கும். அதை நாலு பேர் நடுவில் சொன்னதும், தலை நரைத்த ஒருவர் “1960இல் வந்ததைப் பார்த்திருக்கிறீர்களா? குரோசாவாவையாவது பார்த்திருக்கிறீர்களா?” என்று வாயை அடைத்திருப்பார். எனக்கும் தலை நரைத்துவிட்டது, குரோசாவாவின் ஜப்பானியப் படத்தையும் சேர்த்து மூன்று படங்களையும் பலமுறை பார்த்தவன், 2016 படத்தை மூன்றில் கடைசியாகத்தான் வைப்பேன். ஆனாலும் அந்தப் பெரியவர் சொல்லும் காரணங்கள் எனக்கு ஏற்புடையவை அல்ல. இதை எழுதியதும் “பழையதுதான் உசத்தி என்று சொல்ல வந்த இன்னொரு கிழவர்” என்று ஒரு சாராரும், “புதுப் படத்துக்கு வக்காலத்து வாங்குகிறார்” என்று மறுசாராரும் சொல்வார்கள் என்பது தெரிந்தே எழுதுகிறேன்.

முதலில் வம்சாவளி. ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் ‘செவன் சாமுராய்’ 1954இல் வெளிவந்தது. 207 நிமிடம் ஓடும். விளைச்சலைக் கொள்ளையர்களிடமிருந்து காப்பாற்றிக்கொள்ள ஒரு கிராமத்தார் ஏழு சாமுராய்களைத் தேடிப் பிடித்து அழைத்து வருவதே கதை. ஜான் ஸ்டர்ஜஸ் அதை 1960இல் மெக்சிகோ கிராமம் ஒன்றுக்குக் கொண்டுபோய், யூல் பிரின்னர், ஸ்டீவ் மெக்குவீன் முதலியோர் கையில் துப்பாக்கியைக் கொடுத்தார். ஃபூக்வா அதே கதையை 1879ஆம் ஆண்டில், ரோஸ் கிரீக் என்ற கற்பனை ஊரில் நடப்பதாக மாற்றினார். ஆக, ‘அசல்’ என்று அந்தப் பெரியவர் தூக்கிப் பிடிக்கும் 1960 படமே ஒரு ரீமேக்தான். குரோசாவாவின் படம் 1956இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தபோது அதற்கு வைக்கப்பட்டிருந்த பெயரே ‘தி மேக்னிஃபிசன்ட் செவன்’. அந்தக் குரோசாவாவோ ஜான் ஃபோர்டின் கௌபாய் படங்களை ரசித்துப் பார்த்து வளர்ந்த இயக்குநர். இப்படிப் போகப் போக அசல் எது, நகல் எது என்ற வழக்கு தீராது, அதை விட்டுவிடலாம்.

எங்கள் ஊரில் திரைப்பட ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சிறிய வட்டம் ஒன்று உண்டு. இந்த மூன்று படங்களையும் வரிசையாகத் திரையிட வேண்டும் என்று நான் கேட்டபோது, வட்டத்தின் மூத்த பொறுப்பாளர் ஒருவர் முதல் இரண்டுக்கும் உடனே ஒப்புக்கொண்டு, மூன்றாவதை மட்டும் “குப்பை” என்று ஒதுக்கினார். மல்லுக்கட்டித்தான் அதைப் பட்டியலில் சேர்க்க வேண்டியிருந்தது. திரையிடலுக்குப் பின் நடந்த உரையாடலில் பாதி நேரம், ஏழு பேரில் ஒரு கறுப்பர், ஒரு கொரியர், ஒரு மெக்சிகர், ஒரு செவ்விந்தியர் என்று “கணக்குக்கு ஆள் சேர்த்திருக்கிறார்கள்” என்ற பேச்சிலேயே கழிந்தது. அப்போது பின்வரிசையிலிருந்து விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அம்மா எழுந்து, “அந்த ஊரில் என்ன பயிர் செய்கிறார்கள்?” என்று கேட்டார்.

கூட்டத்தில் யாராலும் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. சிலர் சிரித்தார்கள். பொறுப்பாளர், “அது இந்தப் படத்துக்குத் தேவையில்லாத கேள்வி, அம்மா” என்று சொல்லிவிட்டு ஒளிப்பதிவைப் பற்றிப் பேசப் போய்விட்டார். என் பார்வையில் மூன்று படங்களையும் எடைபோட அதைவிடச் சரியான கேள்வி இல்லை.

‘செவன் சாமுராய்’ படத்தில் பயிர்தான் நாட்காட்டி. குன்றின் மேல் குதிரையில் நிற்கும் கொள்ளையர் தலைவன், போன அறுவடையில்தான் நெல்லை அள்ளினோம், இப்போது போனால் ஒன்றும் கிடைக்காது, பார்லி முற்றட்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போகிறான். மறைந்திருந்து அதைக் கேட்டுவிட்ட ஒரு விவசாயியால்தான் கதையே தொடங்குகிறது. கிராமத்தாருக்குக் கிடைத்திருக்கும் அவகாசம் ஒரு பார்லிப் போகம். அறுவடை முடிந்த கையோடு வயல்களில் தண்ணீரைத் தேக்கி, குதிரைகள் நுழைய முடியாத அகழியாக அவற்றை மாற்றுகிறார்கள். ஓடைக்கு அப்பால் இருக்கும் மூன்று வீடுகளைக் காக்க முடியாது, கைவிட்டாக வேண்டும் என்று சாமுராய்களின் தலைவர் கம்பேய் சொல்கிறார். அந்த வீட்டுக்காரர்கள் ஈட்டிகளை எறிந்துவிட்டுத் தங்கள் வீட்டைத் தாங்களே பார்த்துக்கொள்ளக் கிளம்புகிறார்கள். கம்பேய் வாளை உருவிக்கொண்டு ஓடி, அவர்களை வரிசைக்குத் திருப்புகிறார். எந்த வயல் எங்கே இருக்கிறது, யாருடைய வீடு எந்தக் கரையில் நிற்கிறது என்பது பார்ப்பவருக்கு மனப்பாடம் ஆகிவிடுவதால், கடைசியில் மழையில் நடக்கும் போரில் ஒரு குதிரை உள்ளே புகுந்தால்கூட அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று நமக்குத் தெரிகிறது.

1960 படத்தில் வயல் சுருங்கிவிட்டது. ஆனால் விவசாயி இருக்கிறான். ஈலை வாலக் நடித்த கல்வேரா என்ற கொள்ளையன் தன் ஆட்களின் பசிக்காகத்தான் ஊருக்குள் வருகிறான். ஊருக்குள்ளேயே பயம் பிளவை உண்டாக்குகிறது. உள்ளூர்க்காரன் ஒருவன் காட்டிக்கொடுத்துவிட, ஏழு பேரும் ஆயுதங்களைப் பறிகொடுத்து ஊரைவிட்டு வெளியேற்றப்படுகிறார்கள். அப்படியும் திரும்பி வந்து சண்டை போடும்போது, கிராமத்தார் கையில் அகப்பட்ட கோடாரியையும் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்குகிறார்கள். சார்லஸ் பிரான்சன் நடித்த ஓ’ரைலி, தங்கள் அப்பாக்களைக் கோழைகள் என்று சொன்ன சிறுவர்களில் ஒருவனைப் பிடித்து அடித்துவிட்டு, துப்பாக்கி தூக்குவதைவிடக் குடும்பப் பாரத்தைத் தூக்குவதற்கே அதிகத் துணிச்சல் வேண்டும் என்கிறார். அந்தக் காட்சி ஒன்றுக்காகவே அந்தப் படத்தின் வேறு குறைகளை மன்னிப்பேன்.

குறைகள் அதிலும் உண்டு என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மெக்சிகோ மக்களை இழிவாகக் காட்டிவிடக் கூடாது என்று அந்நாட்டுத் தணிக்கையாளர்கள் கண்காணித்ததால், விவசாயிகள் எந்த நேரமும் வெள்ளை வெளேரென்ற உடையில், சேறு படாமல் நடமாடுகிறார்கள். சிக்கோ என்ற மெக்சிகோ இளைஞனாக நடித்தவர் ஜெர்மானியரான ஹார்ஸ்ட் புக்ஹோல்ஸ். கல்வேராவாக நடித்த வாலக் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். இதையெல்லாம் ஐம்பது அறுபது ஆண்டுகளாக முகம் சுளிக்காமல் பார்த்துவந்தவர்கள், 2016 படத்தில் கறுப்பின நடிகர் டென்சல் வாஷிங்டன் சட்ட அதிகாரியாக வந்ததும் ‘வரலாற்றுக்குப் பொருந்தவில்லை’ என்பது எனக்கு எரிச்சலூட்டுகிறது. பாஸ் ரீவ்ஸ் என்ற கறுப்பினத்தவர் 1875ஆம் ஆண்டிலிருந்தே அமெரிக்க மத்திய அரசின் துணை மார்ஷலாகக் குதிரையேறிக் குற்றவாளிகளைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்து மாட்டு மந்தைகளை ஓட்டிச் சென்றவர்களில் கறுப்பர்களும் மெக்சிகர்களும் கணிசமாக இருந்தார்கள். ஃபூக்வாவின் ஏழு பேர் வரலாற்றுக்கு நெருங்கியவர்கள். பழைய படத்தின் ஏழு பேர்தான் தள்ளி நிற்கிறார்கள்.

ஃபூக்வா சறுக்கிய இடம் வேறு. ரோஸ் கிரீக்கில் வில்லனான போக் கேட்பது விளைச்சலை அல்ல. தங்கச் சுரங்கத்துக்காக நிலத்தையே கேட்கிறான். இது நல்ல மாற்றம் என்றே முதலில் நினைத்தேன். தேவாலயத்துக்குள் புகுந்து ஊராரை மிரட்டும் தொடக்கக் காட்சியும் வலுவானது. ஆனால் நிலத்தைப் பறிகொடுக்கப் போகிறவர்கள் அந்த நிலத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது படத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. கணவனைப் பறிகொடுத்த எம்மா ஒருத்தியைத் தவிர ஊராரில் ஒருவர் முகமாவது படம் முடிந்தபின் நினைவில் நிற்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். குழி வெட்டுகிறார்கள், வெடி வைக்கிறார்கள், குறி தவறிச் சுடுகிறார்கள், செத்து விழுகிறார்கள். ஊர் என்பது துப்பாக்கிச் சண்டைக்குப் போட்ட செட்டாகச் சுருங்கிவிடுகிறது. அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் போனதற்கு இதுதான் காரணம்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது கூலி. முன்பின் தெரியாத ஊருக்காக ஏழு பேர் ஏன் சாகப் போகிறார்கள் என்பதுதான் இந்தக் கதையின் முதுகெலும்பு. 1954 படத்தில் கூலி வெறும் சோறு. நீங்கள் சாப்பிட அரிசிச் சோற்றைக் கொடுத்துவிட்டு இவர்கள் தினையைத் தின்கிறார்கள் என்று, அதே சத்திரத்தில் தங்கியிருக்கும் கூலியாள் ஒருவன் விவசாயிகளைக் காட்டிக் கம்பேயிடம் குத்திக்காட்டுகிறான். கம்பேய் அந்தச் சோற்றுக் கிண்ணத்தைக் கையில் வாங்கி, இதை வீணாக்கமாட்டேன் என்கிறார். அதற்குமேல் ஒரு காரணம் அந்தப் படத்துக்குத் தேவைப்படவில்லை. 1960இல் ஆறு வாரத்துக்கு இருபது டாலர். துப்பாக்கியை நம்பிப் பிழைத்தவர்களுக்குக் காலம் மாறிவிட்டது, வேறு பிழைப்பும் இல்லை. சாகும் தறுவாயில் கல்வேரா, இப்படிப்பட்ட ஊருக்காக உன்னைப் போன்ற ஒருவன் ஏன் திரும்பி வந்தாய் என்று கேட்கிறான். ஏழு பேரின் தலைவனாக வரும் யூல் பிரின்னர் பதில் சொல்வதில்லை. சொல்லாததுதான் அழகு.

2016இல் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறார்கள். வாஷிங்டன் நடித்த சிசோம், தன் தாயையும் சகோதரிகளையும் போக்கின் ஆட்கள் கொன்றதையும், தன்னைத் தூக்கில் தொங்கவிட்ட தழும்பு இன்னும் கழுத்தில் இருப்பதையும் கடைசியில் தேவாலயத்தில் வைத்து வெளிப்படுத்துகிறார். வாஷிங்டனின் நடிப்பில் குறையில்லை. துணியை விலக்கித் தழும்பைக் காட்டும்போது கூடமே அமைதியானது. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில், அதுவரை அடுத்தவருக்காகச் சண்டை போட்ட மனிதர் தன் கணக்கைத் தீர்க்க வந்தவராக மாறிவிடுகிறார். மற்ற ஆறு பேரையும் அவர் எதற்காகக் கூட்டிவந்தார் என்ற கேள்வி உடனே எழுகிறது. நால்வர் அதற்குள் செத்தும் போயிருக்கிறார்கள். அதைப் படம் யோசிக்கவே இல்லை. பழிவாங்கும் கதை எடுப்பது தவறில்லை. கௌபாய் படங்களில் பாதி பழிவாங்கும் கதைகள்தான். இந்தக் கதைக்குள் அதை நுழைத்ததுதான் தவறு.

முடிவுகளிலும் இது தெரியும். மூன்று படங்களிலும் ஏழு பேரில் நால்வர் சாகிறார்கள், மூவர் மிஞ்சுகிறார்கள். 1954இல் ஊரார் பாட்டுப் பாடிக்கொண்டு நாற்று நடுகிறார்கள். ஜெயித்தது அவர்கள்தான், நாமில்லை என்கிறார் கம்பேய். 1960இலும் கிட்டத்தட்ட அதே சொற்கள் வருகின்றன. 2016இல், எம்மாவின் குரல் இறந்தவர்களின் பெருமையைச் சொல்லி, அவர்கள் மகத்தானவர்கள் என்று முடிக்கிறது. ஜெயித்தது யார் என்று யாரும் பேசுவதில்லை. அதைத் தொடர்ந்து 1960 படத்துக்கு எல்மர் பெர்ன்ஸ்டைன் அமைத்த பழைய இசை பெயர்ப்பட்டியலின்மேல் ஒலித்ததும் எங்கள் கூடத்தில் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். 2015இல் விமான விபத்தில் இறந்த ஜேம்ஸ் ஹார்னர் இந்தப் படத்துக்காக முன்கூட்டியே எழுதி வைத்திருந்த மெட்டுகளை அவருடைய நண்பர் சைமன் ஃபிராங்லன் முடித்துக்கொடுத்த கதை உருக்கமானது. ஆனாலும் கைதட்டல் பெர்ன்ஸ்டைனுக்குத்தான் விழுந்தது.

பிறகு வட்டத்தின் செய்தி மடலில் அந்த உரையாடலைப் பற்றி அரைப்பக்கக் குறிப்பு வந்தது. முன்னோடிகளின் தரத்தை ரீமேக் எட்டவில்லை என்று அனைவரும் ஒருமனதாகக் கருதியதாக எழுதியிருந்தார்கள். பயிரைப் பற்றிக் கேட்ட அம்மாவின் பேச்சே அதில் இல்லை. அடுத்த முறை அவர் வரவுமில்லை.

ரீமேக் என்றாலே தரம் இறங்கிவிடும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘3:10 டு யூமா’ 1957இல் டெல்மர் டேவ்ஸ் இயக்கத்திலும் 2007இல் ஜேம்ஸ் மேங்கோல்டு இயக்கத்திலும் வந்தது. பின்னதில் கதாநாயகனுக்கு ஒரு கால் இல்லை, கூடவே ஒரு மகன் வருகிறான், முடிவும் தலைகீழ். அப்படியிருந்தும் தண்ணீரில்லாமல் நிலம் காய்கிற ஒரு விவசாயி, 200 டாலருக்காகக் கொள்ளைக்காரனை ரயிலேற்றப் போகிறான் என்ற நெருக்கடியை அது கைவிடவில்லை. அந்த 200 டாலர் அவனுக்கு எதற்கு என்பது கடைசிவரை நமக்கு மறப்பதில்லை. பழையதைவிட அது மட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இதை நான் எங்கள் வட்டத்திலும் சொன்னேன். அந்த இரண்டையும் சேர்த்துத் திரையிடும் யோசனை இன்னும் பொறுப்பாளரின் பரிசீலனையில் இருக்கிறது.