வாசகர் கேள்வி–பதில்: கொறங்காட்டுக்கு எந்த வேலி?

கேள்வி: மூலனூர் அருகே எங்களுக்கு 4 ஏக்கர் கொறங்காடு (வேலியடைத்த மேய்ச்சல் நிலம்) இருக்கிறது. ஐந்து காங்கேயம் மாடுகளும், இரண்டு ஜெர்சி கலப்பினப் பசுக்களும், கன்றுகளும் அதில் மேய்கின்றன. தாத்தா காலத்துக் கிளுவை முள்மர வேலி தெற்குப் பக்கத்தில் பல இடங்களில் பட்டுப்போய்விட்டதால், மாடுகள் பக்கத்துச் சோளக்காட்டுக்குள் புகுந்துவிடுகின்றன. கிளுவையை முழுவதும் அகற்றிவிட்டுச் சுற்றிலும் முள்கம்பி போடும்படி உறவினர்கள் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?
— ஒரு வாசகர், திருப்பூர் மாவட்டம்

பதில்: கிளுவையை அகற்றாதீர்கள். மூன்று பக்கம் உயிரோடு நிற்கும் வேலியைப் பிடுங்கிவிட்டுக் கல்லும் கம்பியும் வாங்குவது, இருக்கும் நல்ல வேலிக்குப் பதிலாக அதைவிடக் குறைந்த ஒன்றைப் பணம் கொடுத்து வாங்குவதாகும். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் கிளுவை வேலியும் சேர்ந்ததுதான் கொறங்காடு. மழையில்லாத மாதங்களில் இலையை உதிர்த்துவிட்டுக் காய்ந்ததுபோல் நின்றாலும், மழை கண்டதும் கிளுவை துளிர்த்துவிடும். ஆகவே, பட்டுப்போனது என்று நீங்கள் நினைக்கும் இடங்களிலும் பட்டையைச் சற்றுக் கீறி, உள்ளே பச்சை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

உண்மையிலேயே பட்ட இடங்களில், முற்றிய கிளைகளை நான்கைந்து அடி நீளப் போத்துகளாக வெட்டி, மழை தொடங்குவதற்கு முன் நெருக்கமாக நட்டு, குறுக்கே கழி வைத்துக் கட்டிவிடுங்கள். அது மாட்டைத் தடுக்கும் வேலியாக இறுகுவதற்குச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்தப் பக்கத்துக்கு மட்டும் தற்காலிகத் தடுப்பு வேண்டும். உங்கள் கேள்வியின் உண்மையான சிக்கல் இதுதான்.

அதற்கு முள்கம்பியை நான் பரிந்துரைக்கமாட்டேன். காங்கேயம் மாடு இறுகிய உடலும் சிறிய மடியும் கொண்டது. மடி பெருத்துத் தாழ்ந்து தொங்கும் கலப்பினப் பசு கம்பிக்கிடையே நுழைய முயன்றால், காம்பு கிழிந்துவிடும். அந்தக் காயம் எளிதில் ஆறாது, மடிநோய்க்கும் வழிவிடும். செலவையும் எண்ணிப் பாருங்கள். 4 ஏக்கர் சரியான சதுரமாக இருந்தால் சுற்றளவு ஏறத்தாழ 1,670 அடி. பத்தடிக்கு ஒரு கல் என்றால் 167 கல்லும், ஐந்து வரிசைக்கு 8,350 அடி கம்பியும் தேவைப்படும். அதே 4 ஏக்கர் 200 அடி அகலத்தில் நீளவாக்கில் கிடந்தால் சுற்றளவு 2,140 அடியைத் தாண்டிவிடும். ஏக்கர் கணக்கில் விலை சொல்பவரிடம் ஒப்புக்கொள்ளாமல், நாடா பிடித்து அளந்த பிறகே பேசுங்கள்.

வலைக்கம்பி கன்றையும் நாயையும் தடுக்கும் என்றாலும், மாடு உடம்பைத் தேய்த்துத் தேய்த்து ஓரிரு ஆண்டில் அதைத் தொய்ய வைத்துவிடும். எந்தக் கம்பியாக இருந்தாலும், மாடு நிற்கும் பக்கமாகவே அதைக் கல்லில் கட்ட வேண்டும். அப்போதுதான் மாடு சாயும்போது பாரத்தைக் கட்டு தாங்காமல் கல் தாங்கும். மூலைக்கற்களுக்கு முட்டுக்கல் கொடுக்காத வேலி நிற்காது.

தெற்குப் பக்கத்துக்குச் சூரிய மின்வேலிதான் ஏற்றது. புதிய போத்துகளுக்கு உட்புறம் சில அடி தள்ளி, முள் இல்லாத கம்பியை இரண்டு வரிசையாக இழுங்கள்: மாட்டின் மூக்கு உயரத்துக்கு 3 அடியில் ஒன்று, கன்றுகளுக்காக ஒன்றரை அடியில் ஒன்று. போத்தின் துளிரை மாடு கடிக்காமல் காப்பதும் இந்தக் கம்பிதான். எங்கள் பக்கத்து மண்ணில் மின்வேலி ஏமாற்றுவதற்குப் பெரும்பாலும் எர்த் சரியில்லாததே காரணம். கோடையில் மண் காய்ந்துவிட்டால் அதிர்வு மாட்டுக்கு உறைக்காது. ஆகவே, எர்த்துக்கான ஆறடிக் கம்பிகள் மூன்றை ஈரம் தங்கும் இடமாகப் பார்த்து மண்ணுக்குள் இறக்குங்கள். புல் வளர்ந்து கம்பியைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் சில நாட்கள் பகலில், நீங்கள் அருகில் இருக்கும்போது மாடுகளைப் பழக்க வேண்டும். உள்ளே புல் தீர்ந்துபோனால் பசித்த மாட்டை எந்த வேலியும் நெடுநாள் நிறுத்தாது என்பதால், காட்டை இரண்டாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்ப்பதையும் யோசியுங்கள்.

கேள்வி: மின்வேலிக் கம்பிக்கு விட்டுவிட்டு மின்துடிப்பை அனுப்பும் எனர்ஜைசர் கருவியை வாங்காமல், வீட்டு மின்சாரத்தையே குறைந்த அளவில் கம்பியில் விடலாமா?
— ஒரு வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: கூடவே கூடாது. அது குற்றம், உயிரையும் பறிக்கும். எனர்ஜைசர் பல ஆயிரம் வோல்ட் தந்தாலும், விநாடிக்கு ஒரு முறை, விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே துடிப்பை அனுப்புவதால், தொட்டவர் கையை எடுத்துக்கொள்ள முடிகிறது. வீட்டு மின்சாரமோ இடைவிடாது பாய்ந்து, தசையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். முள்கம்பியில் எனர்ஜைசரை இணைப்பதும் ஆபத்தே, ஏனெனில் சிக்கிய கன்றால் விடுபட முடியாது. ஐ.எஸ். 302-2-76 தரக்குறியீடு உள்ள கருவியை மட்டும் வாங்குங்கள். உங்கள் நிலம் காட்டை ஒட்டியிருந்தால், கம்பி இழுப்பதற்கு முன் வனத்துறை அலுவலகத்தில் அனுமதி பெற்றுவிடுங்கள்.