பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையின் உறுப்பினர் விதிகளைச் சீர்திருத்துவது ஏன் இவ்வளவு இழுக்கிறது?

1999-லேயே பாதியில் நிறுத்திவிட்டார்கள், அதுதான் முதல் காரணம். பரம்பரைப் பிரபுக்களை வெளியேற்றிய சட்டம், எதிர்ப்பைச் சமாளிக்க 92 இடங்களை மட்டும் விட்டுவைத்தது. அப்புறம் 2024-ல் நிறுத்தப்படும்வரை, அவர்களில் ஒருவர் இறந்தால் இடைத்தேர்தல் நடந்தது. 2016-ல் ஒன்றில் வேட்பாளர்கள் 7 பேர், ஓட்டுரிமை உள்ளவர்களோ 3 பேர்தான். மூன்று ஓட்டும் விஸ்கவுண்ட் தர்சோவுக்கே விழுந்தன.

ஆனால் என்னைக் கேட்டால் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. ஆயுள்காலப் பிரபுக்களுக்கு, அதாவது பரம்பரையாக இல்லாமல் தங்கள் ஆயுளுக்கு மட்டும் நியமிக்கப்படுபவர்களுக்கு, எண்ணிக்கை வரம்பே கிடையாது, பிரதமர் எத்தனை பேரை வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம். 2017-ல் சபையின் அளவைக் குறைக்க வழி ஆராய்ந்த பர்ன்ஸ் குழு, உறுப்பினர் உச்சவரம்பு 600 பேர், புதியவர்களுக்கு 15 ஆண்டுப் பதவிக்காலம் என்று தெளிவாகவே சொன்னது. சரி, அதை ஏற்றால் பிரதமரின் கைதானே கட்டப்படும்? அதனால்தான் எந்தப் பிரதமருக்கும் அவசரமில்லை.