கொள்முதல் விலை, பிஎம் கிசான், மல்லாட்டை (நிலக்கடலை): வேலூர் பக்கத்துக் கேள்விகள்

ஆற்காடு: ஐயா, வியாபாரி களத்திலேயே நெல் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?

அவர் சொல்லும் மூட்டை எத்தனை கிலோ என்று முதலில் கேளுங்கள். குவிண்டாலுக்கு மாற்றினால்தான் கணக்கு புரியும். 2025-26இல் சாதாரண ரகத்துக்கு மத்திய அரசின் ஆதரவு விலை 2,369 ரூபாய், மாநில ஊக்கத்தொகை 131, ஆக 2,500. சன்ன ரகத்துக்கு 2,545. இது அரசு கொள்முதல் நிலையத்தில் மட்டும்தான், வியாபாரியைக் கட்டுப்படுத்தாது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கட்டும். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கலை அறுப்புக்கு முன்பே வாங்கி வையுங்கள்.

அணைக்கட்டு: குத்தகைக்குப் பயிர் வைக்கிறேன். மத்திய அரசு விவசாயிகளுக்கு வருடா வருடம் தரும் பிஎம் கிசான் 6,000 ரூபாய் எனக்கு வருமா?

வராது. பட்டா யார் பெயரிலோ அவருக்குத்தான் பணம். உழுகிறவர் யார் என்று அந்தத் திட்டம் கேட்பதே இல்லை, அதன் பெரிய ஓட்டை அதுதான். பயிர்க் காப்பீட்டில் நீங்களும் சேரலாம். அதற்கும் அடங்கல் வேண்டும்.

காட்பாடி: 2021இல் நிலம் வாங்கினேன். பிஎம் கிசான்?

2019 பிப்ரவரி 1க்குப் பிறகு கிரயம் வாங்கிய நிலத்துக்கு இல்லை.

குடியாத்தம்: மாமரத்தில் பூ கொட்டுகிறது. என்ன மருந்து அடிக்கலாம்?

தோட்டக்கலை அலுவலரைக் கேளுங்கள். நான் விலையும் திட்டமும் மட்டும் பார்ப்பவன்.

கே.வி.குப்பம்: மல்லாட்டைக்கும் ஆதரவு விலை உண்டாமே? மண்டியில் யாரும் தருவதில்லையே!

உண்டு. 2025-26க்குத் தோலோடு குவிண்டால் 7,263 ரூபாய். ஆனால் நெல்லுக்கு இருப்பதுபோல் ஊருக்கு ஊர் கொள்முதல் நிலையம் இல்லை. வாங்க ஆள் இல்லாவிட்டால் அது காகித விலைதான். இன்னொன்றும் இருக்கிறது. நம் நாட்டுச் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. 2025 மே மாதக் கடைசியில் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்க்கு அடிப்படை இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து 10 ஆக்கினார்கள். அவை மலிவானால் கடலை எண்ணெய்க்குக் கிராக்கி குறையும். ஆலைக்காரர் அதை உங்கள் விலையில்தான் கழிப்பார். மழையை நம்பி மானாவாரியில் கடலை போடுகிறவருக்கு இது இரட்டை அடி.

சத்துவாச்சாரி: அந்த வரியைக் கூட்டி எண்ணெய் விலை ஏறினால் டவுனில் இருக்கிற நாங்கள் என்ன செய்வது?

நியாயமான கேள்வி. ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில் கிடைப்பது பல வீடுகளுக்குப் பெரிய உதவி. அதை நிறுத்தச் சொல்லவில்லை.

கே.வி.குப்பம்: அந்த மானியத்தில் எங்கள் கடலை எண்ணெயைக் கொடுக்கட்டுமே!

அரக்கோணம்: ஐயா, பிஎம் கிசான் தவணை வரவில்லை...

மறுபடியுமா? ஆதார் சரிபார்ப்பு முடிந்ததா என்று பாருங்கள்.

சத்துவாச்சாரி: கடலை எண்ணெய் என்றால் அரசுக்குச் செலவு எகிறுமே?

எகிறும். அதனால் எடுத்த எடுப்பில் ரேஷனுக்குப் போக வேண்டாம். பள்ளிச் சத்துணவுக்கு மட்டும் உள்ளூர்க் கடலை எண்ணெய் வாங்கட்டும். தேவை சிறியது, வருடா வருடம் நிச்சயம். கே.வி.குப்பம் நண்பர் விதைப்பதற்கு முன்பே யார் வாங்குவார் என்று தெரிந்துகொள்ளலாம்.